மூன்றும் எட்டும்

முதலில் பழியைக் கண்மேல் போட்டேன்.
பார்னுவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஸிர்யே
இரண்டு முறை சோதித்துவிட்டு,
"கண்ணில் ஒன்றுமில்லை,
நீ பார்க்கிறதைப் போய்ப் பார்" என்றாள்.
நான் கேட்கவில்லை.
நூற்று நாற்பது யூரோவுக்கு ஒரு கண்ணாடி வாங்கினேன்.
அதைப் போட்டதும் மங்கல்
இன்னும் நன்றாகத் தெரிந்தது.

துறைமுக ஆவணக் காப்பகத்தில் எனக்குத் தந்தது
பதினான்கு வயது லேப்டாப்.
விண்டோஸ் கைவிட்டதை லினக்ஸ் எடுத்து வளர்த்தது.
விசிறி இருமும். ஒரு கீலில் டேப் சுற்றியிருக்கும்.
அதில்தான் பழைய பனிப் பதிவேடுகளைத் திறந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
வரிவரியாய்த் தட்டச்சு செய்கிறேன்:
விரிகுடா எந்த நாளில் உறைந்தது,
எத்தனை சென்டிமீட்டர் கனம்,
குதிரைச் சறுக்குவண்டி கடந்ததா, இல்லையா.

எழுத்தெல்லாம் ஈரக்கையில் வைத்த மாத்திரைபோல
ஓரம் கரைந்திருந்தது.
கொதிகலனைக் கவனிக்கும் ரைவோ
எழுத்துருவை மாற்றச் சொன்னான். மாற்றினேன்.
வேறு எழுத்துருவில் அதே மங்கல்.
அளவை நூற்றிருபத்தைந்து விழுக்காடாக்கினேன்.
பெரிய மங்கல்.
திரையைக்கூடத் துடைத்தேன், வெட்கத்தோடு.

ஜனவரியில் ஒருநாள், நான்கு மணிக்கே இருட்டியபின்,
சுவர்க் கடிகாரம் சரியா என்று
திரை மூலையில் இருந்ததோடு ஒப்பிட்டேன்.
சுவரில் வட்டம்.
திரையில் முட்டை.

திரைக்கு ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு புள்ளி அகலம்.
கணினி அனுப்பியதோ ஆயிரத்து இருபத்து நான்கு.
மூன்று பேர் சோற்றை நான்கு தட்டில் பரப்புகிறவன் போல
இழுத்து இழுத்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.
வேறு அளவு உண்டா என்று கேட்டேன்.
பட்டியலில் ஒரே ஒரு வரி.

விழிக்கும்போது கணினி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்
அந்த வரியைத் திறந்தேன்.
கடைசியில் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்: நோமோட்செட்.
எவன் வைத்தது என்று திட்ட வாயெடுத்தேன்.

நான்தான்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன், நிறுவிய இரவில்,
திரை கறுத்தே நின்றபோது,
பயந்து,
இப்போதைக்கு என்று சேர்த்தது.
எதிரே இருப்பது எப்படிப்பட்ட திரை என்று கேட்காதே,
தெரிந்ததை வைத்துச் சமாளி: அவ்வளவுதான் அதன் பொருள்.
அதுவும் கேட்கவில்லை.
சொல் தவறாமல் எழுநூறு காலைகள் சமாளித்திருக்கிறது.

ஒன்பது எழுத்தை அழித்தேன். சேமித்தேன்.
துவக்கியைப் புதுப்பித்து, மறுபடி துவக்கினேன்.
கறுப்பு.
அன்று போலவே கறுப்பு.
கீழே கொதிகலன் ஒருமுறை முனகி ஓயும் வரை கறுப்பு.

பிறகு மூலையில்
வட்டம்.

ஆசையாய்ப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, பிப்ரவரி ஒன்பது.
தேய்ந்த நிப்பால் எழுதிய 18.
எட்டின் இடப்பக்கம் மயிரிழை மையில் வளைந்திருந்தது.
என் அட்டவணையில் 13.
அடுத்த வரி, அவர் 28.
நான் 23.

இரண்டு குளிர்காலமாய்
உட்கார்ந்த இடத்திலிருந்தே
ஒரு விரிகுடாவை மெலியவைத்திருக்கிறேன்.
வண்டி கடந்தது என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்.
பதின்மூன்று சென்டிமீட்டரில்
அந்தக் குதிரை எப்படிக் கடந்தது என்று
நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ரைவோ எட்டிப் பார்த்தான். "சரியாயிற்றா?"
"ஆயிற்று" என்றேன். "ஆயிரத்து நூறு வரி."
புரியாமல் சிரித்துவிட்டுப் போனான்.

புதுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.
வெறுங்கண்ணுக்கும் எட்டு எட்டாகவே இருந்தது.
முதல் வரிக்குப் போனேன்.
3.
உற்றுப் பார்த்தேன்.
இது மூன்றுதான்.